கயிறு பிடித்தவன் கையில் முதலில்

அன்று கயிறு ஏழுமலையின் கையில் இல்லை. என் கையில் இருந்தது. கேட்டவர்களிடம், அவன் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுச் சாராயக் கடைக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். கடைக்குப் போனது உண்மை. தூணில் கட்டினான் என்பது பொய். அந்தப் பொய்யைப் பதினோரு வருடம் காப்பாற்றினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல், அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெண்ணும் பேரப்பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். என் கதையில் அவர்களை எதற்கு இழுப்பது? குருவிநத்தத்துக்காரர் என்பது போதும். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

வில்லியனூர், பாகூர் பக்கமெல்லாம் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று உண்டு. அது கழன்று கிணற்றின் அடியில் விழுந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஏறாது. அதை எடுக்க அவரைத்தான் தேடுவார்கள். இடுப்பில் கயிறு, கையில் ஒரு கருங்கல். மூச்சை அடக்கிக் கல்லின் கனத்தோடு கீழே போவார். கயிற்றின் மறுமுனையை மேலே நின்று பிடிப்பவன் ஏழுமலை, அவருடைய மனைவி பச்சையம்மாவின் தம்பி. இருவரும் ஒரே சைக்கிளில் வருவார்கள். கயிற்றுச் சுருள் மாலை மாதிரி ஏழுமலையின் கழுத்தில் கிடக்கும்.

கூலியில் அவரால் ஒரு தொல்லையும் கிடையாது. சொன்ன தொகைதான். பேரமில்லை. தொல்லையெல்லாம் இனாமில்தான். மனம் வந்து கொடுக்கிற காசுக்கு ஒரு மனிதன் இத்தனை சட்டம் வைத்திருப்பானா? அவர் வைத்திருந்தார். மேலே ஏறி, தலை துவட்டி, வேட்டி மாற்றிய பிறகுதான் கொடுக்கவேண்டும். இரண்டு பேரும் நிற்கும்போது கொடுக்கவேண்டும். தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கக் கூடாது. கயிறு பிடித்தவன் கையில்தான் முதலில் வைக்கவேண்டும். விழுந்த பொருள் கிடைக்கவில்லை என்றால் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் கோபம் வரும்.

பாகூரில் ஒரு மிராசுதார், நாலு பேர் வேடிக்கை பார்க்கிற தெம்பில், ஒரு வெள்ளி ரூபாயைக் கிணற்றுக்குள் சுண்டிவிட்டு, "எடுத்துக்கோ, ஒனக்குத்தான்" என்றாராம். இவர் வால்வோடு மேலே வந்தார், தலை துவட்டினார், கயிற்றைச் சுருட்டச் சொன்னார்.

"ரூவா எங்கடா?"

"கெணத்துக்குள்ளதான். நீங்க கெணத்துக்குக் குடுத்தீங்க. எனக்குக் குடுக்கறதா இருந்தா நான் இங்கதானே நிக்கிறேன்?"

"சரி, அத எடுத்துக் குடு."

"எடுக்கலாம். அதுக்குத் தனியா கூலி ஆவுமே."

மிராசுதார் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் மிராசுதார் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

இன்னொரு வீட்டில் கிணற்றில் விழுந்த தாலிச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் அழுதுகொண்டே, கணவருக்கு வாங்கி வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். ஒரே வேட்டி. அவர் அதை அங்கேயே நடுவில் கிழித்து ஒரு பாதியை ஏழுமலையிடம் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏன்யா, இப்ப அது ரெண்டு பேருக்கும் உதவாமப் போச்சே" என்றேன்.

"ஏன் ஒதவாது? ரெண்டு பேருக்கும் தல தொவட்ட ஆவும்."

அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏழுமலையோ பாதி வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு, "எங்க மாமாவுக்கு யாராவது பசுமாடு குடுத்துடப் போறாங்கன்னு பயமா இருக்கு முசே" என்றான்.

என்னை 'முசே' என்று கூப்பிடுவார்கள். நான் ஒன்பது வருடம் மார்செய் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதினவன். அப்பா இறந்த பிறகு உறுவையாறு கிராமத்து நிலத்தைப் பார்க்கத் திரும்பி வந்தேன். மார்செயில் 'ஐயா' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்; கோட்டு போட்டவனுக்கு ஊர் கொடுத்த மரியாதை அந்த 'முசே'. அதில் பாதி கிண்டல் என்று எனக்குத் தெரியும்.

மார்செயில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலபேர் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு படகில் போய்க் கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பார்கள். கூட வேலை செய்த ஒருவர் என்னையும் நாலைந்து முறை அழைத்துப் போனார். படகு ஏறும்போதே, உருளையில் காற்று அடைக்கிறவன் கையில் ஒரு நோட்டை அழுத்தச் சொல்லிக்கொடுத்தார். அழுத்தினால் நல்ல உருளை வரும், பட்டையைச் சரியாக மாட்டிவிடுவான், ஏறும்போது கை கொடுப்பான். திரும்பி வந்ததும் சுக்கான் பக்கத்தில் இருக்கும் தகர டப்பாவில் எல்லாரும் காசு போடுவார்கள். அது படகில் உள்ள அத்தனை பேருக்கும். அங்கே இரண்டு வழக்கமும் இருந்தன. நான் ஊருக்குக் கொண்டுவந்தது முதலாவதை மட்டும்.

அந்த நண்பர் ஒருமுறை ஊருக்கு வந்திருந்தார். கிணற்றில் முங்குகிற மனிதரைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். காட்டினேன். உருளையில்லாமல் இவர் உள்ளே இருந்த நேரத்தை அவர் கைக்கடிகாரத்தில் பார்த்து வாயைப் பிளந்தார். இவர் மேலே வந்ததும், சொட்டச் சொட்ட நின்றவரிடம் நோட்டை நீட்டினார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முசே, ஒங்க சிநேகிதரக் கேளுங்க. அவுங்க ஊர்ல படகுல போயி முங்குறாரே, காசு யாருக்குக் குடுப்பாரு?"

கேட்டுச் சொன்னேன். "படகுத் தலைவரோட டப்பாவுல போடுவாராம். அவர் எல்லாருக்கும் பிரிச்சிக் குடுப்பாராம்."

"பிரிச்சிக் குடுக்கறத இவரு பாத்தாரா?"

நண்பர் யோசித்தார். அதற்குள் தான் கரையில் இறங்கிவிடுவது வழக்கம் என்றார்.

"காத்து அடைச்சிக் குடுக்கறவன் ஒருத்தன் இருப்பான்னீங்களே, அவன் பேரு இன்னா?"

நண்பருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

"மூச்சுக் குடுக்கறவன் பேரே தெரியல. அத்தினி தூரம் கடலுக்குள்ள போறாரு! நல்ல தைரியம்தான்."

கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. தலை துவட்டி முடிக்கும்வரை அந்த வெள்ளைக்காரரை வெயிலில் நிறுத்தினார். பிறகு நோட்டு ஏழுமலையின் கைக்குப் போயிற்று. ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாமா, இது எந்த ஊரு துட்டு? நம்ம கடையில எடுத்துக்குவானா?" என்றான்.

நண்பர் போன பிறகு நான் வாதாடினேன். காசை முன்னாலேயே கொடுத்தால்தான் வேலைக்காரன் அக்கறையாகப் பார்ப்பான், உலகம் முழுக்க அப்படித்தான் என்றேன்.

"மேல நிக்கிறவன் கண்ணு கயித்துல இருக்கணும் முசே. முன்னாலயே குடுத்துட்டா மடியிலதான் இருக்கும்."

படித்தவனுக்கு வருகிற எரிச்சல் தனி எரிச்சல். அதை நான் அடக்கப் பழகவில்லை.

அந்தச் சித்திரையில் என் கிணற்றில் வால்வு கழன்று விழுந்தது. மூன்று ஏக்கர் கரும்பு. நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. தோகை நுனியெல்லாம் கருக ஆரம்பித்திருந்தது. ஆள் மேல் ஆள் அனுப்பி ஐந்தாம் நாள் வந்தார்கள். வந்தவர் உடனே இறங்கினாரா? கயிற்றை முழம் முழமாக இழுத்துப் பார்த்தார். கூழ் குடித்தார். சூரியன் தலைக்கு மேலே வந்தால்தான் கிணற்றின் அடி தெரியும் என்று வேப்ப மரத்தடியில் குந்திவிட்டார். பிறகு வழக்கமான பாடம். கிணற்றோரம் யார் நின்றாலும் அவர்களை வைத்துக்கொண்டு சொல்லுவார், நூறு தடவை கேட்டவர்களானாலும்:

"ஒரு தபா இழுத்தா..."

நான் எழுந்து மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டேன். எனக்குத் தெரியாததா? மார்செய் படகிலேயே கயிற்றுச் சைகை பார்த்தவன் நான்.

கொட்டகைக்குத் தண்ணீர் குடிக்க வந்த ஏழுமலையின் கையில் ஐந்து ரூபாயை வைத்தேன்.

"இன்னாத்துக்கு முசே?"

"சீக்கிரம் கெளப்புடா அவன. கரும்பு காயுது."

"மாமா பாத்தா தோல உரிச்சிடும்."

"பாக்கமாட்டான். வச்சுக்கோ."

வைத்துக்கொண்டான். அவர் இறங்கினார். மூன்று முறை முங்கி மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தார். வால்வு குழாய்க்கு அடியில் சேற்றில் புதைந்திருக்கிறது, தோண்டத்தான் வேண்டும், நேரமாகும் என்றார். நாலாவது முறை அவர் உள்ளே போனதும் ஏழுமலை என்னைப் பார்த்தான். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம்தான் சாராயக் கடை.

"முசே, ஒரு நிமிசம் புடிங்க. தோ வந்துட்டேன். ரெண்டு தபா இழுத்தா ஒடனே தூக்கிடுங்க."

ஓடிக்கொண்டே சொன்னான். நான் பாதிதான் காதில் வாங்கினேன். என் மனம் கரும்பில் இருந்தது. கயிறு என் கையில். இரண்டு இழுப்பு வந்தது. மார்செய் படகில் இரண்டு இழுப்பு என்றால் கயிற்றை இன்னும் தளர்த்தி விடு என்று பொருள். விட்டேன். மறுபடியும் இரண்டு. இன்னும் விட்டேன். அப்புறம் கயிறு கண்டபடி துடித்தது. பிறகு அசையவில்லை. அப்போதுதான் பயந்து இழுத்தேன். வரவில்லை. கால் குழாய்க்கு அடியில் சிக்கியிருந்தது.

அவர் தன் காலைத் தானே பிய்த்துக்கொண்டுதான் மேலே வந்தார். நான் கயிற்றைப் போட்டுவிட்டுப் படியில் இறங்கி அவரை இழுத்துக் கரையேற்றினேன். கணுக்கால் திரும்பிக் கிடந்தது. வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வயலில் களையெடுத்தவர்கள் ஓடிவந்தார்கள். ஏழுமலையும் கரைமேல் ஓடிவந்தான். அவன் வாயில் வாடை வீசியது.

அவர் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "கயிறு யாரு கையில?"

"முசே கையில குடுத்துட்டுத்தான் போனேன் மாமா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். நான் சொன்னேன்: "இல்லை. தூணில் கட்டிட்டுப் போயிட்டான். நான்தான் அவிழ்த்து இழுத்தேன்."

இரண்டாவது வாக்கியத்தை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் படுத்தபடியே என்னைக் கும்பிட்டார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றார். ஏழுமலை கத்தினான், அழுதான், மாதா கோயில் பக்கம் கை காட்டிச் சத்தியம் செய்தான். அவன் மடியிலிருந்து ஐந்து ரூபாயில் மிச்சம் விழுந்தது. அதற்கு மேல் அவனை யார் நம்புவார்கள்?

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு சேர்த்தார்கள், சரியாகச் சேரவில்லை. விந்தி விந்தி நடந்தார். அப்படியே மறுபடியும் கிணறுகளில் இறங்கினார், வேறு ஆளை வைத்துக்கொண்டு. ஏழுமலை கரையாம்புத்தூர் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர், "என்னிடம் சொல்லிவிட்டாய், சரி. அந்த மனிதரிடம் எப்போது?" என்றார். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போகும்வரை நான் அவர் முன்னால் மண்டியிடுவதைத் தவிர்த்தேன்.

குருவிநத்தத்துக்காரரின் பெண் பெரியவளானபோது பட்டுப் பாவாடை, வெள்ளித் தட்டு, அதன்மேல் பணம் எல்லாம் வைத்து அனுப்பினேன். அன்றைக்கு மணையில் உட்கார்ந்த பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடவேண்டும். ஏழுமலையை அழைக்கவில்லை. தட்டை மறுநாள் பச்சையம்மாவே தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"பாவாடைய எடுத்துக்கினோம் முசே. காசு வாணாம்னாரு. கேட்டுகினு வரச் சொன்னாரு. கூலின்னா வேலை செய்யணும். இனாம்னா நல்லா செஞ்சிருக்கணும். இது இன்னா காசு?"

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதன் என்று அவள் காதுபடவே சொன்னேன்.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று என்று பத்திரிகை வந்தது. தாய்மாமன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் பெயர் இருந்தது. மறுநாள் காலை பஸ் பிடித்துக் குருவிநத்தம் போனேன். அவர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து ரூபாய், கயிறு, இரண்டு இழுப்பு, பொய். உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

அவர் எண்ணெய்க் குப்பியை மூடிக் கீழே வைத்தார்.

"இழுத்தேன். கயிறு எளகிச்சு. மறுபடி இழுத்தேன், மறுபடி எளகிச்சு. தூண்ல கட்டின கயிறு எப்பிடி எளகும்னு பதினோரு வருசமா யோசிக்கிறேன். வாயத் தொறந்து கேக்கல. ஏன் தெரியுமா? படிச்ச மனுசன் பொய் சொல்லமாட்டான்னு நெனச்சேன். கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன் சத்தியம் பண்றான். அவன நம்பல. ஒன்ன நம்பினேன்."

முதல் முறையாக என்னை 'ஒன்ன' என்றார்.

"என்னை அடி" என்றேன்.

"அடிச்சா ஒனக்கு நிம்மதியாப் போயிடும். குந்து."

சைக்கிளின் பின்னால் உட்காரச் சொன்னார். நான் ஓட்டுகிறேன் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலோடு அவர் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து கரையாம்புத்தூர்வரை போனேன். ஒவ்வொரு மிதிக்கும் அவருடைய இடது தோள் தாழ்ந்து எழுந்தது.

சூளையில் ஏழுமலை மண் மிதித்துக்கொண்டிருந்தான். நரைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டான். அவனைத் தனியே கூப்பிடலாம் என்று நான் கை காட்டினேன். அவர் விடவில்லை. வேலை செய்தவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பத்து பேர் முன்னால பொய் சொன்ன. நெசத்தையும் பத்து பேர் முன்னால சொல்லு."

சொன்னேன். முழங்கால்வரை சேற்றோடு ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்தான். அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் குடுத்துட்டுதான் போனேனா?" என்றான். "நெசமாவா முசே? குடிச்சிருந்தேனா, எல்லாரும் கட்டிட்டுப் போனேன் கட்டிட்டுப் போனேன்னு சொன்னாங்களா, அப்பிடித்தான் போலருக்குன்னு நானே நெனச்சிகினேன். தூண்ல முடிச்சு போடற மாதிரி கனவுகூட வரும்."

அவர் சேற்றுக்குள் இறங்கிப் போய் அவன் முன்னால் நின்றார்.

"ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம்டா. தாய்மாமன் வரணும்."

"அக்கா கூப்ட்டுச்சா, நீ கூப்பிடறியா மாமா?"

"நான்தாண்டா."

ஏழுமலை திரும்பி நின்று மண்ணை மிதிக்க ஆரம்பித்தான். அவரும் கூடச் சேர்ந்து மிதித்தார். திரும்பிப் போக பஸ் எங்கே வரும் என்று நான் சூளைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருப்பது இன்னொரு பொய்யாக இருக்கும் என்று பட்டது. ஏழுமலை புது வேட்டியில் சீர்த்தட்டு ஏந்தி முன்னால் வந்தான். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். என் கிணற்றில் அதற்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை. ஆள் அனுப்பினால் 'வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு' என்றுதான் பதில் வரும்.

பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பச்சையம்மா சோற்றுக் கூடையோடு வந்து என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"பதினோரு பொங்கல் முசே. பொறந்த வூட்டு சீர்வரிச எனக்கு வரல. தெருவுல எல்லா பொம்பளைக்கும் வரும். நான் கதவ சாத்திகினு உள்ள குந்திருப்பேன்."

சோற்றைப் போட்டாள். கூடையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"சாப்புடுங்க" என்றாள்.

பந்தி முழுவதும் எழுந்து போயிற்று. நான் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் நகரவில்லை.